குடோன் போனிலிருந்து தொடங்குங்கள்

சென்னிமலைப் பக்கம் ஒரு போர்வை மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எழுதும் மென்பொருள் செய்து கொடுத்தேன். உலாவியில் ஓடுவதுதான், தனி ஆப் கிடையாது. என் லேப்டாப்பில் அழகாக இருந்தது. முதலாளியின் ஐபோனில் காட்டினேன். "நல்லா இருக்குது அம்மிணி" என்றார். மறுநாள் காலையிலேயே குடோனில் கட்டு எண்ணும் பையனிடமிருந்து போன்.

"அக்கா, அமுக்கினா ஒண்ணும் ஆகலைங்க."

நேரில் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை, வாசல் வழியாகச் சாய்ந்து விழும் வெயில். அவனுடைய போன் 2 ஜிபி ரேம், திரையின் குறுக்கே ஒரு விரிசல். வலது கையில் கட்டுக்கு எண் போடும் மார்க்கர், இடது கையில் போன். சேமி பொத்தானை நான் வைத்திருந்தது மேலே வலது மூலையில். இடது கட்டைவிரல் அங்கே எட்டவே இல்லை. மார்க்கரைப் பல்லில் கடித்துக்கொண்டு எப்படியோ அமுக்கினான். சிக்னல் ஒரு கோடு. பொத்தான் நிறம்கூட மாறவில்லை. நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த இளஞ்சாம்பல் எழுத்து அந்த வெயிலில் சுத்தமாகத் தெரியவில்லை. அவன் சொன்னது சரிதான், ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு எழுதியதைப் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். அதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாள்

நிரல் எழுதும் முன் ஒரு தாளில் யார், எங்கே, எந்தக் கையில், எந்த வெளிச்சத்தில், என்ன சிக்னலில் என்று எழுதுங்கள். போன் மாடல் பெயர் கடைசியில் வந்தால் போதும். என் தாளில் நான்கு வரிகள் இருந்தன. முதலாளி: ஐபோன், பாதி நேரம் காரில். குடோன் பையன்: மேலே சொன்னது. கணக்கர்: விண்டோஸ் கம்ப்யூட்டர், எழுத்தைப் பெரிதாக்கி 125 சதவீதத்தில் வைத்திருக்கிறார், மவுஸைத் தொடப் பிடிக்காது. நான்காவது, பில் அடிக்கும் 58 மி.மீ. தெர்மல் பிரிண்டர். பிரிண்டரை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் ஒரு திரைதான், அழிக்க முடியாத திரை.

இந்த நான்கில் எது மோசமான நிலைமையோ, அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அது குடோன் போன்.

அகலம் சுலபம்

அகலத்தைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள். ஒரே பக்கம் திரைக்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு ஈத்தன் மார்காட் 2010-இல் 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது, அதற்கான கருவிகளும் வந்துவிட்டன. ஆகவே சுருக்கமாக.

பக்கத்தின் அகலம் போன் திரையின் அகலம்தான் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் போன் உலாவி பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். 360 பிக்சல் அகலத்தில், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் ஒரே பத்தியாக முதலில் எழுதுங்கள். அப்புறம் ஜன்னலை மெல்ல இழுத்து அகலமாக்குங்கள். எந்த இடத்தில் வரிகள் நீண்டு அசிங்கமாகத் தெரிகிறதோ அங்கே இரண்டாவது பத்தியைச் சேருங்கள். "ஐபோனுக்கு இது, டேப்லட்டுக்கு அது" என்று மாடல் வாரியாக எல்லை போட்டால் வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்டர் பட்டியல் போன்ற அட்டவணைகள் போனில் அட்டவணையாகவே இருக்கக் கூடாது. ஒரு ஆர்டருக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திரும்ப எழுதியபோது சேமி பொத்தானைக் கட்டைவிரல் எட்டும்படி திரையின் அடியில் கொண்டுவந்தேன். அதற்காகப் பக்கத்தின் உயரத்தை 100 விஎச், அதாவது திரை உயரத்தில் நூறு சதவீதம் என்று கொடுத்திருந்தேன். ஆனால் போன் உலாவியில் முகவரிப் பட்டி வந்து வந்து போகும். அது இருக்கும் நேரத்தில் 100 விஎச் திரையைவிட நீளமாகிவிடும், பொத்தான் அடியில் ஒளிந்துகொள்ளும். இதற்காகவே, பட்டி வந்து போவதற்கேற்ப மாறும் டிவிஎச் என்ற அளவு வந்தது, 2022 முதல் குரோம், சஃபாரி இரண்டிலும் வேலை செய்கிறது. பழைய உலாவிக்காக மேலே விஎச் வரி, அடுத்த வரியில் டிவிஎச். புரியாத வரியை உலாவி தானே தாண்டிப் போய்விடும்.

விரலுக்கு வேண்டியது

ஆப்பிள் தன் வழிகாட்டியில் தொடும் இடம் 44 பாயின்ட் இருக்கட்டும் என்கிறது, கூகுள் 48 டிபி (ஆண்ட்ராய்டின் அளவு அலகு) என்கிறது. உடல் குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைக்கச் சொல்லும் வெப் அணுக்க விதிகளின் 2.2 பதிப்பு, 2023-இல் வந்தது, அது குறைந்தபட்சம் 24 பிக்சல் என்று ஒரு தரையைப் போட்டிருக்கிறது. நான் 48-ஐ வைத்துக்கொள்கிறேன், குடோன் திரைக்கு 56. அதைவிட முக்கியம் இடைவெளி. 'நீக்கு'வும் 'சேமி'யும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக் கூடாது. 'நீக்கு'வைத் தூரத்தில், வேறு நிறத்தில் வையுங்கள்.

மவுஸ் மேலே போனால்தான் தெரியும் என்று எதையும் மறைக்காதீர்கள். விரலுக்கு 'மேலே போவது' என்ற செயலே கிடையாது. விலையை அப்படித்தான் மறைத்து வைத்திருந்தேன், பையன் இரண்டு நாள் விலையே பார்க்காமல் ஆர்டர் போட்டிருக்கிறான். இப்படி மேலே போகும் ஹோவர் வசதி இருக்கிறதா என்று, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸிலேயே கேட்க முடியும். இருந்தால் அலங்காரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் சஃபாரி தானாகவே பெரிதாக்கிக் காட்டும், பக்கம் குதித்தது போல இருக்கும். தடுக்கிறேன் என்று பெரிதாக்கும் வசதியையே சிலர் முடக்குகிறார்கள். கண் மங்கியவர்களுக்கு அது பாவம். எழுத்தை 16 ஆக்குங்கள், முடிந்தது. ஐபோனில் குரோம் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்களிடமும் இதே கதைதான், நம் ஊரில் விற்கும் ஐபோனில் எந்த உலாவிக்கும் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்.

வெயிலுக்கு: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு. இது கண்பார்வை குறைந்தவர்களுக்காக எழுதிய விதி, வெயிலில் நிற்பவனும் அந்த நேரத்துக்குப் பார்வை குறைந்தவன்தான்.

தமிழில் எழுதினால் வரும் தனி வேலைகள்

இந்தப் பகுதியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, எல்லாம் திட்டு வாங்கிக் கற்றது.

முதல் திட்டு பிரிண்டரால் வந்தது. பில்லில் சரக்குப் பெயருக்கு இடம் குறைவு என்று 8 எழுத்தோடு வெட்டச் சொல்லியிருந்தேன். பவானி ஜமக்காளம் விற்ற பில்லில் "ஜமக்காளம" என்று வந்தது. புள்ளி போய்விட்டது! "என்ன கண்ணு, ஜமக்காளத்துக்குத் தலையைக் காணோம்" என்றார் கணக்கர்.

நடந்தது இதுதான். நம் கண்ணுக்கு 'ஜமக்காளம்' 6 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 9 குறிகள்: ஜ, ம, க, புள்ளி, க, துணைக்கால், ள, ம, புள்ளி. எட்டோடு வெட்டினால் கடைசிப் புள்ளி விழுந்துவிடும். 'சென்னிமலை'யை எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்கு 5, யூனிகோடில் 9, டிஸ்கில் சேமிக்கும்போது 27 பைட், ஏனென்றால் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆகவே 'எழுத்து எண்ணிக்கை' என்று எங்கே வந்தாலும் நின்று, இது எந்த எண்ணிக்கை என்று கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டெல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது, பழைய பதிப்புகளுக்கு மாற்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் சில இடங்களில் நீளம் பைட்டில் கணக்காகும். தாராளமாக இடம் விடுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பினால் இதே கணக்கு பணமாக வரும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் கலந்தால் 70 குறிகள்தான், அதற்கு மேல் போனால் 67 குறிகளாகத் துண்டாகும். புள்ளியும் கொம்பும் எண்ணிக்கையில் சேரும். "தங்கள் ஆர்டர் வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது" என்று மரியாதையாக ஆரம்பித்தால் மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கே போய்விடும். "ஆர்டர் 214 பதிவானது" போதும்.

இரண்டாவது திட்டு தேடலில். கணக்கரின் பழைய எக்செல் கோப்பிலிருந்து சரக்குப் பட்டியலை ஏற்றியிருந்தோம். பழைய எழுத்துருவில் அடித்திருந்ததை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றினேன். 'போர்வை' என்று தேடினால் போனில் ஒன்றும் வரவில்லை, திரையில் போர்வை போர்வையாக நிற்கிறது! ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு குறிகளை எண்ணிப் பார்த்தேன். போனில் அடித்த 'போர்வை' 6 குறி. கோப்பிலிருந்து வந்தது 7. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள், ஒரே வரி வேலை. 'கௌ'வுக்குப் பதில் 'கெ'யும் 'ள'வும் அடிப்பவர்களையும், துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பவர்களையும் இந்த ஒரு வரி காப்பாற்றாது. அதற்குக் கையால்தான் விதி எழுத வேண்டும்.

அகரவரிசை இன்னொன்று. குறி எண்ணின்படி அடுக்கினால் 'ஜ' போய் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் உட்காரும், 'ன' பகரத்துக்கு முன்னால் வரும். தமிழ் வரிசையில் ன கடைசி, ஜ அதற்கும் பின்னால். உலாவியில் வரிசைப்படுத்தும் கருவியான கொலேட்டரிடம் மொழி தமிழ் என்று சொல்லி அடுக்கச் சொன்னால் சரியாக வரும்.

எழுத்துருவும் சாதனத்துக்குச் சாதனம் வேறு. விண்டோஸில் பழையதில் லதா, 8-க்குப் பிறகு நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். ஒவ்வொன்றின் அகலமும் வேறு, ஒன்றில் பொருந்திய பொத்தான் இன்னொன்றில் இரண்டு வரியாகும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள், இரண்டு வரியானாலும் அசிங்கமாகாதபடி அமையுங்கள். வார்த்தையையும் சுருக்கலாம். 'உறுதிப்படுத்து' என்பதைவிட 'சரி' எல்லா இடத்திலும் பொருந்தும். வரி உயரம் 1.2 வைத்தால் 'கி'யின் கொக்கியும் மேல் வரியின் 'கு'வின் வாலும் முட்டிக்கொள்ளும், 1.6 வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் ஆங்கில அலங்காரத்தைத் தமிழில் செய்யாதீர்கள், பார்க்கச் சகிக்காது.

சிக்னல் இல்லாத இடம்

தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வரும், போகும். அங்கே நடந்ததுதான் எனக்கு விழுந்த பெரிய அடி. பையன் 40 கட்டு என்று போட்டுச் சேமி அமுக்கினான். சுற்றிக்கொண்டே இருந்தது, மறுபடி அமுக்கினான். முதல் முறையே சர்வருக்குப் போய்விட்டது, திரும்பி வர வேண்டிய பதில்தான் வழியில் தொலைந்தது. இரண்டு ஆர்டர் பதிவாகி 80 கட்டு லாரியில் ஏறியது. லாரி வாடகையை என் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், முதலாளி சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பொத்தானை ஒருமுறைக்கு மேல் அமுக்க விடாமல் செய்வது பாதித் தீர்வுதான், பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி அமுக்கினால் அதே கதை. முழுத் தீர்வு இப்படி: ஆர்டர் திரையைத் திறந்தவுடனே போனிலேயே அந்த ஆர்டருக்கு ஒரு தனி அடையாள எண்ணை உண்டாக்குங்கள், யூயூஐடி போதும். அதை ஆர்டரோடு சேர்த்துப் போனிலும் எழுதி வையுங்கள், பக்கம் புதுப்பித்தாலும் அதே எண் திரும்ப வர வேண்டும். பத்து முறை அனுப்பினாலும் எண் மாறக் கூடாது. சர்வரில் அந்த எண்ணுக்கு ஒரே வரிதான் என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு போடுங்கள். ஏற்கெனவே இருக்கிறதா, பழைய பதிலையே திருப்பிக் கொடுங்கள். இதற்கு அப்புறம் பையன் எத்தனை முறை அமுக்கினாலும் 40 கட்டு 40 கட்டுதான்.

அடுத்தது வரிசை. அமுக்கியதும் ஆர்டரை முதலில் போனிலேயே, உலாவிக்குள் இருக்கும் இன்டெக்ஸ்டு டிபி என்ற டேட்டாபேஸில் எழுதுங்கள். உடனே திரையில் 'போனில் இருக்கிறது' என்று காட்டுங்கள். சர்வர் வாங்கிக்கொண்டதும் 'போய்ச் சேர்ந்தது' என்று மாற்றுங்கள். இந்த இரண்டு நிலையையும் ஒன்றாக்கி 'வெற்றி' என்று பொய் சொல்லாதீர்கள். பையன் அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் லாரியை அனுப்புகிறான்.

இணைப்பு இருக்கிறதா என்று உலாவியிடம் கேட்டால் அது 'இருக்கிறது' என்றுதான் பெரும்பாலும் சொல்லும். வைஃபையில் ஒட்டிக்கொண்டிருப்பதையே இணைப்பு என்று அது நினைக்கும், வெளியே வழி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அனுப்பிப் பாருங்கள், பதில் வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூட்டித் திரும்ப அனுப்புங்கள். பின்னணியில் தானே அனுப்பும் பேக்ரவுண்ட் சிங்க் குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. ஆகவே பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசையைக் காலி செய்ய முயலுங்கள்.

போனில் வைத்திருப்பதை நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். சஃபாரியைப் பயன்படுத்தும் நாட்களில் 7 நாள் ஒரு தளத்தின் பக்கமே போகாவிட்டால், அந்தத் தளம் ஸ்கிரிப்ட்டால் எழுதி வைத்ததை அது அழித்துவிடும், 2020-இலிருந்து அப்படித்தான். முகப்புத் திரையில் சேர்த்து வைத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. முதலாளி போனில் நானே உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்தேன்.

தேதியைப் போனின் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். குடோன் போனில் பேட்டரி இறங்கி ஏறியபின் கடிகாரம் எங்கோ நின்றுகொண்டிருந்தது. சர்வரின் நேரம்தான் கணக்கு.

கணக்கர் மேசை

போனை முதலில் வைத்து எழுதியவர்கள் கம்ப்யூட்டரை மறந்துவிடுவார்கள், நான் மறந்தேன். 24 அங்குலத் திரையில் நடுவே ஒரு ஒல்லிப் பத்தி, சுற்றிலும் வெள்ளை. கணக்கருக்கு ஒரே பார்வையில் முப்பது ஆர்டர் வேண்டும். அவருக்கு அட்டவணையைத் திரும்பக் கொடுத்தேன்.

அவர் டேலியில் பழகியவர், என்டர் அடித்தால் அடுத்த பெட்டிக்குப் போகும் என்பது விரலில் ஊறிய பழக்கம். உலாவியில் என்டர் அடித்தால் படிவமே சர்வருக்குப் போய்விடும். வாடிக்கையாளர் பெயர் மட்டும் உள்ள அரைகுறை ஆர்டர்கள் ஒரே காலையில் ஏழு. என்டரை அடுத்த பெட்டிக்குத் திருப்பிவிட்டேன், சேமிக்க கண்ட்ரோலும் என்டரும். எல்லா வேலையும் மவுஸ் இல்லாமல் முடிகிறதா என்று நீங்களே ஒரு நாள் மவுஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

எண்ணுக்கான பெட்டியை 'நம்பர்' வகையாக வைத்திருந்தேன். "நான் 12-ன்னு அடிச்சேன் கண்ணு, 9-ன்னு நிக்குது." பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டியிருக்கிறார், சில உலாவிகளில் அது பெட்டிக்குள் இருக்கும் எண்ணை மாற்றும். இப்போது சாதாரண எழுத்துப் பெட்டி, இன்புட்மோட் மட்டும் நியூமரிக். போனில் எண் விசைகள் வரும், கம்ப்யூட்டரில் சக்கரம் ஒன்றும் செய்யாது. தொகையைக் காட்டும்போது மொழியும் நாடும் தமிழ், இந்தியா என்று கொடுத்தால் 1,00,000 என்று நம் வழக்கப்படி கமா விழும்.

பிரிண்டர்: 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., அதாவது 384 புள்ளிகள். அதற்கு உள்ளே இருக்கும் எழுத்துத் தொகுப்பில் பெரும்பாலும் தமிழ் இருக்காது, நேரடியாக அனுப்பினால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். போனிலிருந்து ப்ளூடூத்தில் அச்சடிக்க ஒரு வாரம் முட்டிப் பார்த்தேன். வெப் ப்ளூடூத் ஐபோன் சஃபாரியில் கிடையவே கிடையாது, ஆண்ட்ராய்டில் உண்டு என்றாலும் பழைய வகை ப்ளூடூத் பிரிண்டரோடு பேசாது. விட்டுவிட்டேன். கணக்கர் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியாக, அச்சுக்கென்று தனி சிஎஸ்எஸ் எழுதி, பக்க அகலம் 58 மி.மீ. என்று கொடுத்தேன். உலாவியும் பிரிண்டர் டிரைவரும் சேர்ந்து படமாக்கிக்கொள்ளும். எல்லாச் சாதனத்திலும் எல்லாம் நடக்க வேண்டியதில்லை.

சோதனைக்கும் வெளியீட்டுக்கும்

குரோமில் போன் போலக் காட்டும் வசதி முக்கியமாக அகலத்தைத்தான் காட்டும். கட்டைவிரலோ, வெயிலோ, 2 ஜிபி ரேமோ அதில் இல்லை. பழைய போன் கடையில் ஒரு மலிவு ஆண்ட்ராய்டு வாங்கி மேசையில் வையுங்கள். யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் அதன் பக்கத்தைக் கம்ப்யூட்டர் குரோமிலேயே திறந்து பிழை பார்க்கலாம். ஐபோனை அப்படிப் பார்க்க மேக் வேண்டும். என்னிடம் இல்லை, மாதம் ஒருமுறை தோழியிடம் ஓசி வாங்குகிறேன். கம்ப்யூட்டர் உலாவியின் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள், எழுத்தளவை பிக்சலில் எழுதியிருந்தால் அங்கே மாட்டுவீர்கள், அந்த அமைப்புக்கேற்ப மாறும் ரெம் அலகில் எழுதுங்கள்.

புதுப் பதிப்பை வெளியிடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். சர்வரில் மாற்றிவிட்டால் எல்லார் கையிலும் மாறிவிடாது. உலாவியில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் பழைய நிரலை வைத்திருக்கும், கணக்கர் உலாவியை வாரக்கணக்கில் மூடமாட்டார், குடோன் போனின் வரிசையில் நேற்றைய வடிவத்தில் நாலு ஆர்டர் காத்திருக்கும். ஆகவே சர்வர் பழைய வடிவத்தையும் ஒரு மாதமாவது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திரையின் அடியிலும் பதிப்பு எண்ணைச் சின்னதாகப் போடுங்கள். இப்போது பையன் கூப்பிட்டால் முதல் வார்த்தையே, "அக்கா, அடியில 31-ன்னு இருக்குதுங்க." கணக்கரிடம் 33 ஓடிக்கொண்டிருக்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.